ரிப்பன் கட்டிய சிங்க்

1996ஆம் வருடம், மலாக்கா மாநிலத்தின் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம், நாளைக்கு நாமும் அங்கேதான் போய்ப் படுக்கணும்) கிருமித்தொற்றுத் தடுப்பு இயக்கம் வெகு சிறப்பாக நடைபெற்றுவந்தது. டாக்டர்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு. பெண்கள் வார்டுக்குப் பளபளவென்று ஒரு சிங்க் வந்தது. அதற்குச் சிவப்பு ரிப்பனும் கட்டியாயிற்று. திறந்துவைக்க வேண்டிய பட்டம் பெற்ற பிரமுகர் டத்தோ மட்டும் மூன்று மாதமாக வரவில்லை.

கைகழுவும் ரிஜிஸ்டர் திறப்புவிழாவுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. டாக்டர்கள் தினமும் தவறாமல் அதில் கையெழுத்துப் போட்டார்கள்.

வார்டைத் துடைக்கும் முனியாயி இதையெல்லாம் கண்டுகொண்டதே இல்லை. புலாவ் செபாங்கிலிருந்து அவள் மகள் ஷாந்தினி வந்து, ஆபரேஷனில் பிள்ளை பெற்று ஏழாம் கட்டிலில் படுத்த பிறகுதான் முனியாயி டாக்டர்களின் கைகளைக் கவனிக்க ஆரம்பித்தாள். டாக்டர் கணேசமூர்த்தி ஆறாம் கட்டிலில் குஞ்சம்மாவின் சீழ் வைத்த காலை அமுக்கிப் பார்த்தார். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். நேரே ஷாந்தினியின் வயிற்றுக் கட்டைப் பிரிக்க வந்துவிட்டார்.

முனியாயி மாப்பைக் குறுக்கே நீட்டினாள். "டாக்டர், கைய கழுவிட்டு வாங்க லா!"

"அதான் கையெழுத்து போட்டுட்டேனே."

"கையெழுத்து போட்டா கிருமி செத்துடுமா?"

"சாகாது. பரீட்சையிலேயே அப்படித்தான் எழுதினேன். மார்க்கும் குடுத்தாங்க."

ரிஜிஸ்டர் கணக்கெழுதும் கிராணி ரங்கசாமி ஆபீசிலிருந்து ஓடிவந்தார். "என்னம்மா கலாட்டா? சிங்க் இன்னும் திறக்கல. இப்பவே தண்ணி விட்டுட்டா அப்புறம் டத்தோ வந்து எதத் திறப்பாரு?"

"அப்ப கக்கூஸ் குழாய்ல கழுவச் சொல்லுங்க."

"அது அங்கீகாரம் இல்லாத குழாய். ரிஜிஸ்டர்ல அதுக்குக் கட்டமே இல்ல."

முனியாயிக்கு வந்ததே கோபம்! மருந்துத் தட்டில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரே வெட்டு, ரிப்பன் கீழே விழுந்தது.

"திறந்தாச்சு! எழுதிக்குங்க!"

வார்டே கைதட்டியது. டாக்டர் பாவம், நல்ல மனுஷன். சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, விரலிடுக்கு விடாமல் தேய்த்து, முழங்கை வரை நுரை பொங்க, பரீட்சையில் எழுதியபடியே கழுவினார். ஆறாம் கட்டில் குஞ்சம்மாகூட எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

முனியாயிக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பைச் சுவரில் சாத்திவிட்டு ஓடிப்போய், அந்த இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மகராசனா இருக்கணும் டாக்டர்!"

டாக்டர் தம் கைகளைப் பார்த்தார். "மறுபடியும் கழுவணுமோ?"

ரங்கசாமி ரிஜிஸ்டரைப் புரட்டினார். "ஒரு நோயாளிக்கு ஒரு தடவதான் டாக்டர். கட்டம் நெறஞ்சிடுச்சு."

"எதுக்கு டாக்டர் இன்னொரு வாட்டி?" என்று சிரித்தாள் முனியாயி. "பெத்தவ கைதானே, எம் பிள்ளைய என்ன செஞ்சிடப் போவுது?"

வார்டு முழுக்க அதை ஒப்புக்கொண்டது. டாக்டர் கட்டைப் பிரித்தார்.