முன்சீட்டுக்காரர்

சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் சர்வேயர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். முன்னால் போன முப்பது சைக்கிள்களில் ஒன்றைக்கூடக் காணோம். ஷூ நாடா அவிழ்ந்ததென்று ஒரே ஒரு நிமிடம்தான் ஒதுங்கினார். அதற்குள் மொத்தக் கூட்டமும் எங்கேயோ மறைந்துவிட்டது.

பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கு விடுதி கட்ட நிதி திரட்டி வருஷந்தோறும் நடக்கும் மூன்று நாள் சைக்கிள் பயணம் அது. அன்றைக்குக் கடைசி நாள். முப்பத்தொரு சைக்கிள்களில் இவருடையதற்கு மட்டும் இரண்டு சீட்டு. முன்னால் இவர், பின்னால் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் பார்வையற்றவர். ஆபரேட்டர் அதே பள்ளியில் படித்தவர் என்பதால் பன்னிரண்டு மணி நிறைவு விழாவில் அவர் பேச வேண்டும்.

"அவரை நேரத்துக்கு மேடையில கொண்டுவந்து நிறுத்தறது உங்க பொறுப்பு," என்று காலையில் விழாச் செயலாளர் சொல்லியிருந்தார். "சர்வேயருக்கு நான் வழி சொல்லணுமா என்ன?"

சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து கொடுத்தவர்தான். ஆனால் கல்யாணத்துக்குப் போகிறேனென்று கிளம்பி, வேறு யாருடைய கல்யாணத்திலோ மொய் வைத்துச் சாப்பிட்டும் விட்டு வந்தவர். அந்தக் கதை மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அந்த மனைவி, மேலதிகாரி, அலுவலகம் மொத்தமும் மேடைக்கு எதிரே காத்திருந்தார்கள். இன்றைக்குக் கோட்டை விட்டால் ஓய்வு பெறும்வரை சிரிப்பார்கள்.

"ஏன் சார் நின்னுட்டோம்?" என்றார் பின்சீட்டு.

"சும்மா. மூச்சு வாங்கலாம்னு."

"மத்தவங்க இடதுபக்கம் போறாங்க போல. மணிச் சத்தம் கேட்குது."

சர்வேயருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண் தெரியாதவருக்குக் காது கூர்மை என்று எங்கேயோ படித்திருந்தார். இடதுபக்கம் திருப்பினார்.

அரை மணி நேரத்தில் தார் ரோடு மண் ரோடானது. மண் ரோடு வண்டித் தடமானது. சைக்கிளும் இல்லை, மணியும் இல்லை. வழி தவறிவிட்டது என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். மனுஷனுக்கு வாய் வரவில்லை.

"ரொம்பக் குலுங்குதே," என்றார் ஆபரேட்டர்.

"ரோடு வேலை நடக்குது சார்."

"வண்டி சத்தமே காணோமே?"

"நமக்காக டிராஃபிக்கை நிறுத்தி வெச்சிருக்காங்க."

"பரவாயில்லையே. நல்ல மரியாதைதான்."

சர்வேயர் ஓசைப்படாமல் செல்போனை எடுத்து, வழிகாட்டும் வரைபடத்தைத் திறந்தார். அதற்கு வாய் உண்டென்பது அவருக்கு மறந்துபோயிற்று. "திரும்பிச் செல்லவும்," என்றது ஒரு பெண் குரல், ஊருக்கே கேட்கிற மாதிரி.

"யாருங்க அந்தம்மா?"

"விழா வேன் சார். மைக்ல பேசறாங்க."

"திரும்பிச் செல்லவும். திரும்பிச் செல்லவும்."

"நம்மளையா சொல்றாங்க?"

"சேச்சே. பின்னாடி வர்றவங்களை."

வாயை அடைக்கத் தெரியாமல் போனையே அணைத்துவிட்டார். அது அணைந்தபிறகுதான், செயலாளர் கூப்பிட்டாலும் இனி கிடைக்காதே என்று உறைத்தது. மறுபடி உசுப்பினால் அந்தம்மா மறுபடி ஆரம்பிப்பாள். பேசாமல் மிதித்தார்.

வழியில் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். வாய்விட்டுக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சர்வேயர் வண்டியை நிறுத்தி, கையால் சாலையைக் காட்டி, விரலை விரித்து, எந்தப் பக்கம் என்று சைகையில் கேட்டார். ஆட்டுக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். பாவம், பேச்சு வராதவர் என்று முடிவு கட்டி, தன் வாயையும் மூடிக்கொண்டு சைகையிலேயே பதில் சொன்னார். வானத்தைக் காட்டினார், வயிற்றைத் தடவினார், மூன்று விரலை நீட்டினார். சர்வேயருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. இதற்குள் ஆடுகள் சைக்கிளைச் சூழ்ந்துகொண்டன.

"என்ன சார், ஒரே ஆட்டுச் சத்தமா இருக்கு?"

"ஊரே திரண்டு வந்து நம்மளை வரவேற்குது. ஆடு மாட்டையும் வீட்ல விட்டுட்டு வர மனசில்லை போல."

ஆபரேட்டர் முகம் மலர்ந்து இரண்டு பக்கமும் கையசைத்தார். பதிலுக்கு ஒரு கிடா அவர் சட்டையைக் கடித்து இழுத்தது. "அன்பான ஜனங்க," என்றார். சர்வேயருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. கண் தெரியாத ஒரு நல்ல மனுஷரை ஆட்டுக் கூட்டத்துக்குக் கையாட்ட வைத்துவிட்டோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

அப்புறம் ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது. பாலம் கிடையாது. இறங்கித் தள்ளினால் முழங்கால்வரை தண்ணீர்.

"இது என்ன சார்?"

"மூணு நாள் மிதிச்ச காலு, கொஞ்சம் குளிரட்டும்னு விழாக்குழு ஏற்பாடு."

"எல்லாத்தையும் யோசிச்சுப் பண்றாங்கப்பா," என்றார் ஆபரேட்டர், ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று ஒலிக்க.

கரையேறியதும் மறுபடி இரண்டு வழி. சர்வேயர் இந்த முறை தந்திரமாகக் கேட்டார். "சார், எந்தப் பக்கம் காத்து நல்லா இருக்குன்னு நினைக்கிறீங்க?"

"வலதுபக்கம் போனா முகத்துல அடிக்கும்."

ஆளுக்குச் சந்தேகமே வராமல் யோசனை கேட்டுவிட்டோம் என்று சர்வேயர் தன்னையே மெச்சிக்கொண்டார். அதே மாதிரி இன்னும் இரண்டு முறை கேட்டார். நிழல் எந்தப் பக்கம் இருக்கும், மேடு எந்தப் பக்கம் குறைவு என்று. ஆபரேட்டர் சலிக்காமல் சொன்னார்.

"சார், மேடையில மொத்தம் எத்தனை பேர் பேசறாங்க?" என்றார் திடீரென்று.

"உங்களையும் சேர்த்து ஒன்பது பேர். சிறப்பு விருந்தினர் மட்டும் ஒரு மணி நேரம் பேசுவாராம்."

"ஒன்பது பேரா," என்றார் ஆபரேட்டர்.

கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டே கால். கண்ணுக்கெட்டிய தூரம் வயல். சர்வேயர் பிரேக்கைப் பிடித்தார். இனிமேல் அளக்கப் பொய்யும் மிச்சமில்லை.

"சார், என்னை மன்னிச்சிருங்க. காலையிலேயே வழி தவறிடுச்சு. டிராஃபிக், வேன், வரவேற்பு, எல்லாம் பொய். நீங்க கையாட்டினது ஆட்டுக்கு. உங்க பேச்சைக் கெடுத்துட்டேன். எனக்கே கேவலமா இருக்கு."

பின்சீட்டிலிருந்து ஒரு கை முன்னால் வந்து சர்வேயரின் முதுகைத் தட்டியது.

"விடுங்க சார். வழி தவறாதவங்க யாரு? நான் வெளியில மூச்சு விட மாட்டேன். நடுவழியில செயின் அறுந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம்."

இப்படி ஒரு தங்கமான மனுஷரா என்று சர்வேயருக்குக் கண் கலங்கியது.

"தாகமா இருக்கு சார். இந்த வழியிலேயே கொஞ்சம் போய்ப் பாருங்க, ஏதாவது வீடு தென்படும்."

தென்பட்டது. பச்சைக் கதவு போட்ட ஓட்டு வீடு. முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள், சைக்கிளைப் பார்த்ததும் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து கதவைத் திறந்துவிட்டார். சர்வேயர் கூசிக் குறுகி நின்றார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. வழி தவறி வந்துட்டோம். குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"தண்ணி என்னங்க தண்ணி, உள்ள வாங்க, இலை போட்டாச்சு," என்றார் அந்த அம்மாள். "வருஷா வருஷம் என் தம்பிக்கு முன்சீட்டுல வர்றவங்க எல்லாருமே வழி தவறி நம்ம வீட்டுக்குத்தானே வர்றாங்க."