மச்சம் எந்தப் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு, அண்ணன் வாயால் சொல்லி எழுத வைத்தது. இங்கே நாங்கள் எல்லோரும் அவரவர் வியாதியோடு சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் உங்கள் வியாதிகளோடு அதேபோலச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ முழுசாகக் கத்தி முடித்துவிடுகிறாய். கடிதத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் அடுத்த வரி அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருப்பது யார் தெரியுமா, சாட்சாத் உன் மகள்தான். வழக்கமாக எனக்கு எழுதிக் கொடுக்கிற மருந்துக்கடைக்காரர் வெளியூர் போயிருக்கிறார். என் மகன் எழுதினால் அதை அவனாலேயே திரும்பப் படிக்க முடியாது. இங்கே என் வீட்டில் தங்கியிருக்கிற பாப்பாதான் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும், "நான் எழுதறேன் பெரியப்பா" என்று பேனாவோடு உட்கார்ந்தாள். "உன் கல்யாணச் சமாச்சாரத்த நீயே எழுதினா நல்லாவா இருக்கும்?" என்றேன். "நீங்க சொல்லுங்க. ஒரு எழுத்து மாத்த மாட்டேன்" என்றாள். தங்கமான பெண். நீ வளர்த்தும் இப்படி வந்திருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "பாப்பா ஒரு பையனச் சொல்றா. அண்ணே, உன் கடைக்கு எதிர்ல ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில வேலையாம், கன்னத்துல மச்சமாம். நீ போய் மூஞ்சி எப்படி, குணம் எப்படின்னு பாரு. நீ சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம்" என்றாய். பாப்பாவும், "பெரியப்பா சொல்றபடியே" என்று தலையாட்டிவிட்டாள். நீங்கள் இரண்டு பேரும் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தூக்கி என் நாக்கில் வைத்துவிட்டு நீங்கள் தூங்கப் போய்விட்டீர்கள். நான் எங்கே தூங்குவது?

ஆளைப் பார்ப்பதில் என்னைக் குறை சொல்ல முடியாது. எனக்கு எழுத்துத் தெரியாது, தலை தெரியும். என் நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டவனை எத்தனை வருஷம் கழித்துப் பின்னால் இருந்து காட்டினாலும் யாரென்று சொல்லுவேன். பாங்க் மேனேஜருக்கு உச்சந்தலையில் விரல் வைக்கிற அளவுக்கு ஒரு பள்ளம். தபால்காரருக்கு ஒரு காது ஏறியும் ஒரு காது இறங்கியும் இருக்கும். உனக்கு உச்சியில் இருக்கிற சுழி சீப்புக்கு அடங்காது, எனக்கும் அடங்காது. ஆனால் எதிரே வந்து நின்றால்தான் தம்பி எனக்குக் குழப்பம். நான் முகங்களைப் பார்த்ததெல்லாம் கடைக் கண்ணாடியில். அதே ஆள் தெருவில் நேருக்கு நேர் வந்து சிரித்தால், அவன் முகத்தை வேறு எவனோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். அதனால் ஃபிரிட்ஜ் கடைக்குப் போய் முன்னால் நின்று பார்ப்பது எனக்குச் சரிப்படாது. என் நாற்காலிக்கே அவனை வரவழைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, அந்தக் கடை முதலாளியிடம் (அவர் தலையும் என் கையில் வளர்ந்ததுதான்) "உங்ககிட்ட கன்னத்துல மச்சத்தோட ஒரு பையன் இருக்கானாமே, அனுப்பி வைங்க, நானே என் கையால வெட்டி விடறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

வந்தான். கன்னத்தில் மச்சம். உட்கார்ந்தான் என்று சொல்ல மாட்டேன், நாற்காலியில் யாரோ நட்டு வைத்த மாதிரி இருந்தான். "எப்படி வெட்டட்டும்?" என்று கேட்டால், "உங்க இஷ்டம்" என்கிறான். தன் தலையைப் பற்றியே ஓர் அபிப்பிராயம் இல்லாதவன் நாளைக்குக் குடும்பத்தைப் பற்றி என்ன அபிப்பிராயம் வைத்திருப்பான்? மேலே காற்றாடி ஓடுகிறது, இவன் கழுத்தில் வேர்வை ஓடுகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறான். நானும் பேச்சுக் கொடுக்கலாமே என்று, காதோரம் சவரக்கத்தியை வைத்தபடி, "உங்க வீட்ல யாருக்காவது கோவம் வருமாப்பா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். எச்சிலை விழுங்கினான் பார், கத்தி லேசாகப் பட்டுவிட்டது. வாயைத் திறந்து ஒரு "ஸ்" கூடச் சொல்லவில்லை. வலித்தால்கூடச் சொல்லாத அழுத்தக்காரன். என் மகன் வேறு பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு, "அப்பா, கஸ்டமர அப்படி முறைக்காதீங்க" என்கிறான். எல்லாம் முடிந்ததும் எழுந்து, வணக்கம்கூட யாரைப் பார்த்து என்று தெரியாமல் சுவரைப் பார்த்து வைத்துவிட்டு, வாசலில் கிடந்த என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் செருப்பு அங்கேயே கிடக்கிறது. எனக்கு ஒரு சுற்றுச் சின்னது. அதில் வீட்டுக்கு நடந்து வந்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். (இந்த இடத்தில் பாப்பா, "இதையெல்லாமா எழுதணும் பெரியப்பா?" என்கிறாள். எழுதத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.)

அன்றைக்கே உனக்கு "வேண்டாம்" என்று சொல்லியிருப்பேன். நல்ல வேளை, மருந்துக்கடைக்காரர் ஊரில் இல்லை. ஏனென்றால் இரண்டு நாள் கழித்து அதே பையன் என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். நின்றவனின் தலையைப் பார்த்தேன். எனக்கு மயக்கமே வந்துவிட்டது. நான் ஒட்ட வெட்டிய முடி காதை மூடிக்கொண்டு தொங்குகிறது. இரண்டு நாளில் எந்தத் தலையிலாவது முடி அப்படி வளருமா? என் கையில்தான் ஏதோ கோளாறு, வெட்டிய மாதிரி வெறும் காற்றில் கத்திரியை ஆட்டியிருக்கிறேன், இனிமேல் கடைப் பக்கமே போகக்கூடாது என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். "என்ன தாத்தா, பேயப் பாத்த மாதிரி பாக்கறீங்க? அன்னைக்கு வந்தது என் அண்ணன். நாங்க இரட்டை. அவன் பத்து நிமிஷம் முன்னாடி பொறந்துட்டு, அதையே ஒரு உத்தியோகம் மாதிரி சொல்லிக்கிட்டிருக்கான்" என்றான். "மச்சம் இருக்கறவனுக்கு நீங்களே வெட்டி விடறீங்களாமே, எனக்கும்தான் இருக்கு" என்று தானாகவே நாற்காலியில் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான். என்ன பேச்சு தம்பி. என் மூட்டுவலியை விசாரித்தான், என் மகனைக் கிண்டல் செய்தான், பின்பக்கம் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னான். கழுத்து வெண்ணெய் மாதிரி இளகிக் கிடந்தது. அதே கேள்வியைத்தான் கேட்டேன், "உங்க வீட்ல யாருக்குக் கோவம் வரும்?" என்று. "உங்களுக்கு எதுக்குத் தாத்தா, பொண்ணு குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

வீட்டுக்கு வந்து பாப்பாவிடம், "ரெண்டு பேருன்னு ஏம்மா சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கலையே" என்றாள்.

இப்போது எனக்குத் தூக்கம் போனதற்குக் காரணம் பயம் இல்லை, ஆசை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு பேரை ஊர் எதை வைத்துப் பிரித்துப் பார்க்கிறது? கிளம்பிவிட்டேன் விசாரிக்க. ஃபிரிட்ஜ் கடை முதலாளி, "ஒருத்தன் வேலக்காரன், ஒருத்தன் வாய்க்காரன்" என்றார். எவன் எது என்றால், "கிட்ட வந்து பேசினாத்தான் தெரியும். சம்பளத்தன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சிரிக்கறானுங்க" என்கிறார். டீக்கடைக்காரரைக் கேட்டேன். "ஒருத்தன் ஊதி ஊதிக் குடிப்பான். இன்னொருத்தன் எதையோ நெனச்சுக்கிட்டு ஆற விட்டுட்டு, அப்புறம் சூடா வேற கேப்பான்" என்றார். முகத்தில் என்ன வித்தியாசம் என்றேன். "மூஞ்சியெல்லாம் நான் எங்கே பாக்கறேன், டம்ளரத்தான் பாக்கறேன்" என்றார். கடைசியில் அவர்கள் வீட்டுக்கே போனேன். அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். "பெரியவன் அப்படியே என் ஜாடை, சின்னவன் அப்படியே அவங்க அப்பா ஜாடை" என்றார், கொஞ்சமும் தயங்காமல். இரண்டு பேருக்கும் ஒரே ஜாடைதானே அம்மா என்றால் கோபித்துக்கொண்டார். "உங்களுக்குக் கண்ணு சரியில்ல போலிருக்கு" என்றார். நான் எதற்கு வந்தேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு ஆள் தேடி வந்தவன் என்று நினைத்து முதலாளியின் போன் நம்பரைக் கொடுத்து அனுப்பினார்.

ஒன்று பார்த்தாயா? யாரும் முகத்தைச் சொல்லவில்லை. தனக்கு எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கத்தை முழு ஆள் என்று சொல்கிறார்கள். எனக்குப் பிடரி, டீக்கடைக்காரருக்கு டம்ளர். உலகத்தில் யாரையாவது யாராவது முழுசாகப் பார்த்திருக்கிறார்களா என்றே சந்தேகமாகிவிட்டது. உன்னை நான் இத்தனை வருஷமாகப் பார்த்ததுகூட உன் கோபத்தை மட்டும்தானோ என்னமோ.

சரி, தத்துவம் போதும் என்கிறது பாப்பாவின் முகம். எப்படி முடிவுக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை பாப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டிருந்தாள். வாசலில் நிறுத்தி, "உன் ஆளுக்கு மச்சம் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "இடது பக்கம் பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது. கண்ணை மூடிக் கண்ணாடியை நினைத்துப் பார்த்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போன அழுத்தக்காரனுக்கு மச்சம் வலது பக்கம். செருப்பைக் கொண்டுவந்து கொடுத்த சிரிப்புக்காரனுக்கு இடது பக்கம். என் ஞாபகம் இதில் பிசகாது. ஆகவே தம்பி, நம் மாப்பிள்ளை சிரிப்புக்காரன்தான். எனக்குச் சம்மதம். தாராளமாகச் சரி சொல்லு. அந்த மூத்தவன் கல்யாணத்துக்கு வந்தால் வாசலில் என் செருப்பை மட்டும் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னபோது பாப்பாவின் பேனா அப்படியே நின்றுவிட்டது. வெட்கம். இருக்காதா பின்னே.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல். உனக்கு என் ஆசி. முடி வளர்ந்திருந்தால் அங்கே யாரிடமும் தலையைக் கொடுக்காதே, கல்யாணம் பேச வரும்போது நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: அப்பா, இது நான். பெரியப்பா சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதிவிட்டேன். மச்சம் இடது பக்கம் என்று நான் சொன்னது, அவர் எனக்கு எதிரே நிற்கும்போது என் இடது கைப் பக்கம். பெரியப்பா எல்லோருக்கும் முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்கிறவர், அவருக்கு அது வலது. நான் சொன்னது மூத்தவரை. தன்னைக் கூப்பிட்டிருப்பது என் பெரியப்பா என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பயம். அவருடைய தம்பிக்கு இதில் என்ன நஷ்டம், சிரித்துக்கொண்டு உட்காருவார். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒரு மனிதரின் காதோரம் கத்தியை வைத்து, வீட்டில் யாருக்குக் கோபம் வரும் என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? என்னோடு இருக்கும்போது அவர் நிறையப் பேசுவார். டீயை ஆற விடுகிறவரும் அவர்தான், பேச்சு முடியாததால். அன்றைக்குத் தெருமுனை வரை நடந்த பிறகுதான் காலில் யார் செருப்பு என்றே பார்த்திருக்கிறார். திரும்பி வரப் பயந்து தம்பியிடம் கொடுத்தனுப்பினார். நீங்கள் பெரியப்பா சொன்னால் சரி என்றீர்கள். அவர் சரி என்று சொல்லிவிட்டார். யாருக்கு என்பதில் மட்டும் சின்ன வித்தியாசம். நீங்களும் சரி என்று போனில் சொல்லுங்கள், மெதுவாக. பெரியப்பாவிடம் நானே பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னும் என்னம்மா எழுதற?" என்று எட்டி எட்டிப் பார்க்கிறார். முகவரி எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தம்பி இவ்வளவு தூரத்திலா இருக்கிறான் என்று ஆச்சரியப்படுகிறார்.