முனகல் தண்ணீர்

காலை ஆறு மணிக்கே வரிசை மண்டப வாசலைத் தாண்டி, தெருமுனை மருந்துக் கடையையும் தாண்டிப் போயிருந்தது. மருந்துக் கடைக்காரர் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் வாங்கிய மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் இத்தனை பேரும் இங்கே நின்றார்கள். நீரையா வருகிறார்! தண்ணீர் தருகிறார்!

சாதாரணத் தண்ணீர் இல்லை. நீரையா புட்டியின் வாயருகே தன் வாயை வைத்து, கண்ணை மூடி, மூன்று நிமிடம் "ம்ம்ம்ம்" என்று முனகுவார். பல்வலிக்காரனும் அதே சத்தம்தான் போடுகிறான். அவனிடம் யாரும் புட்டியை நீட்டுவதில்லை. நீரையா முனகினால் தண்ணீரின் அணுக்கள் விழித்துக்கொள்ளுமாம். விழித்த அணுக்கள் இரத்தத்திலிருக்கும் சர்க்கரையைத் துரத்துமாம். எங்கே துரத்தும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மண்டபச் சுவரில் ஆளுயரச் சுவரொட்டி: "பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது!"

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பேராசிரியையை உறுத்தியதும் அதுதான். சோதித்தவரே அவர்தான்.

நீரையாவின் அறக்கட்டளை கொடுத்த நிதியில் நடந்த ஆய்வு அது. நூற்றிருபது சர்க்கரை நோயாளிகள். யாரும் வழக்கமான மருந்தை நிறுத்தவில்லை. பாதிப் பேருக்கு முனகிய தண்ணீர், மீதிப் பேருக்குக் குழாய்த் தண்ணீர். யாருக்கு எது என்று குடித்தவருக்கும் தெரியாது, இரத்தம் எடுத்தவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் இம்மியளவு வித்தியாசம் இல்லை.

கட்டுரையை இதழுக்கு அனுப்பப் போன அன்று பல்கலைக்கழகப் பதிவாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒப்பந்தத்துல பதினாலாவது பிரிவைப் படிச்சீங்களா மேடம்? நிதி குடுத்தவங்க அனுமதி இல்லாம முடிவை வெளியிடக் கூடாது."

"அனுமதி கேளுங்க சார்."

"கேட்டாச்சு. மாட்டேங்கிறாங்க."

"பொய்னு தெரிஞ்ச பிறகும் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?"

"கையெழுத்துப் போட்டப்ப யோசிச்சிருக்கணும். நீங்களும்தான், நானும்தான்."

எதையும் ஆதாரம் கேட்டே நம்புகிற பேராசிரியை, பதினெட்டுப் பக்க ஒப்பந்தத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். 'பெரிய இடத்துக் காகிதம், சரியாகத்தான் இருக்கும்' என்பதும் மூடநம்பிக்கைதானே!

அதன் பலன் சொந்த வீட்டிலேயே விடிந்தது. சர்க்கரை நோயாளியான அவருடைய அக்கா, முனகிய தண்ணீரை நம்பி இரண்டு மாதமாக மாத்திரையைத் தொடவில்லை. காலில் ஒரு புண் ஆறாமல் அடம் பிடித்தது.

"அக்கா, சொன்னாக் கேளு. அந்தத் தண்ணியில ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லைன்னா உங்க பல்கலைக்கழகம் ஊருக்கே சொல்லியிருக்குமே! ஏண்டி சொல்லல?"

அந்த அக்காதான் இன்று அவரைக் கையைப் பிடித்து மண்டபத்துக்கு இழுத்து வந்திருந்தாள்.

மேடையில் நீரையா முழங்கினார். "ஆயிரம் புட்டிக்கு நடுவுல என் தண்ணிய வைங்க. என் நாக்கு கண்டுபிடிச்சிடும்!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பேராசிரியை எழுந்தார். பழைய முடிவைத்தான் ஒப்பந்தம் கட்டிப்போட்டிருந்தது. புதிதாக ஒன்றைச் சோதிப்பதற்கு யாருடைய அனுமதி வேண்டும்?

"ஐயா, பல்கலைக்கழகத்துல உங்க தண்ணியச் சோதிச்சவ நான்தான். ஆயிரம் வேண்டாம். பன்னிரண்டு போதும். இப்பவே பாத்துடலாமா?"

"காட்டுங்க ஐயா!" என்று கூட்டமே குதித்தது. நீரையா சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்?

"புட்டியை நானும் தொட மாட்டேன், உங்க சீடர்களும் தொட வேண்டாம். எங்க அக்கா உங்க பக்தை. அவங்களே ஊத்தட்டும்."

அக்கா காலை இழுத்து இழுத்து, பெருமையோடு திரைக்குப் பின்னால் போனாள். ஒரு புட்டியில் முனகிய தண்ணீர். பதினொன்றில் கைகழுவும் குழாய்த் தண்ணீர். எல்லாவற்றுக்கும் எண் ஒட்டினாள். சரியான எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

நீரையா ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தார். புருவத்தைச் சுளித்தார். திடீரென்று துள்ளினார்.

"ஒன்பது! நரம்பெல்லாம் பாடுது!"

மண்டபம் ஆர்ப்பரித்தது. அக்கா மட்டும் கைதட்டவில்லை.

"ஐயா… அது குழாய்த் தண்ணி."

"இன்னொரு தடவை வை!"

அக்கா மறுபடியும் எல்லாவற்றையும் புதிதாக ஊற்றி எண் ஒட்டினாள். இந்த முறை நீரையா நான்கு என்றார். அதுவும் குழாய்த் தண்ணீர்.

"இங்க யாரோ சந்தேகத்தோட உக்காந்திருக்காங்க. அதிர்வு கலைஞ்சு போச்சு" என்றார் நீரையா. குரல் முன்போல் முழங்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு பேருந்து ஓட்டுநர் எழுந்தார். "ஏம்மா, பல்கலைக்கழகத்துல நீங்கதானே சோதிச்சது? அங்க என்ன வந்துச்சு?"

"அதைச் சொல்ல ஐயாவோட அனுமதி வேணும்."

முந்நூறு தலைகள் மேடைப் பக்கம் திரும்பின.

"குடுங்க ஐயா, அம்மா சொல்லட்டும்!"

"அது… அறக்கட்டளையோட உள்விவகாரம்."

"நல்லபடியா வந்திருந்தா அதையும் சுவத்துல ஒட்டியிருப்பியேய்யா!" என்றார் ஓட்டுநர். அதுவரை 'ஐயா'வாக இருந்தவர் 'ய்யா' ஆனார். சற்று நேரத்தில் பக்கவாட்டுக் கதவு திறந்தது. நீரையா காரில் ஏறினார். வெளியே குடிக்காத புட்டிகள் சாக்கடையோரம் குவிந்தன.

அக்கா அங்கிருந்து நேரே மருத்துவமனைக்குத்தான் போகச் சொன்னாள். வாசலில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கால் போயிடுமாடி?"

"போகாதுக்கா. வந்துட்டோம்ல."

போகவில்லை. ஆற மூன்று மாதம் ஆயிற்று.

பதிவாளர் பேராசிரியைமீது விசாரணை வைத்தார். "அந்த ஆய்விலேருந்து ஒரு எண்ணாவது சொன்னேனா சார்?" என்று அவர் கேட்டதோடு விசாரணை முடிந்தது. அடுத்த ஆசிரியர் மன்றக் கூட்டத்தில் பேராசிரியை ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: நிதி தருகிறவர் முடிவை முன்கூட்டியே படிக்கலாம், கருத்துச் சொல்லலாம், வெளியிடுவதைத் தடுக்கக் கூடாது. முதலில் தூக்கப்பட்ட கை பதிவாளருடையது. ஆரம்பத்திலிருந்தே தன் கருத்து அதுதானாம்!

இனி யாராவது 'சோதிக்கப்பட்டது' என்று மார்தட்டினால், அந்த முடிவை வெளியே சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். சோதித்தவர் வாயில் பூட்டு, விற்பவர் இடுப்பில் சாவி என்றால், உங்கள் தலையை அவர் காலடியில் வைக்காதீர்கள். அது யோசிப்பதற்காகக் கழுத்துக்கு மேலே இருக்கிறது.