ராணியின் முகத்தில் ஒரு சுழி

பெண் பார்க்கப் போகிறவன் பொய் சொல்லலாம். ஆனால் செய்து காட்டச் சொல்ல முடியாத பொய்யாகச் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் ஜட்கா வண்டிக்கார முனுசாமியின் வீட்டில் உட்கார்ந்து காராபூந்தி மென்றபோது இந்த ஞானம் எனக்கு இல்லை. வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம்.

"தம்பி இன்னா வேல பண்றே?" என்று கேட்டார் முனுசாமி.

துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆபீசில் நான் ட்ரேசர். அதாவது யாரோ போட்ட வரைபடத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, அடியில் தெரியும் கோட்டின் மேலேயே மையால் கோடு இழுப்பவன். இதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் காபி கொண்டுவந்த பெண், தனம், கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். (அந்தக் கண்ணைப் பார்த்தால் எவனும் இரண்டு பொய் சொல்வான். நான் ஒன்றோடு நிறுத்தினேன்.)

"படம் போடுவேங்க" என்றேன்.

முனுசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ நம்ம ராணிய ஒண்ணு போட்டுக் குடு. கூடத்துல மாட்டுவோம். படம் நல்லா வந்தா அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம்!"

ராணி அவருடைய பெட்டைக் குதிரை. என் கல்யாணம் அதன் மூஞ்சியில் வந்து நின்றது. எனக்கோ, கட்டினால் தனத்தைத்தான் என்று காபி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைப்புட்டி, ஆபீஸ் ஸ்கேல், புதிதாக வாங்கிய வாட்டர் கலர் டப்பா சகிதம் லாயத்தில் போய் உட்கார்ந்தேன். ஸ்கேல் வைத்துக் குதிரை வரைந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கால்கள் நான்கும் பாலத்துத் தூண் மாதிரி நின்றன. வயிற்றில் ஒரு டன் நிலக்கரி ஏற்றலாம். ராணியும் என்னை ஒரு கலைஞனாக மதிக்கவில்லை. பிரஷ் கழுவிய தண்ணீரை ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிட்டு என் காதோரம் தும்மியது. கை ஆடி, பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை, படத்துக் குதிரையின் கண்ணுக்குக் கீழே பொட்டென்று விழுந்தது.

அந்த மை காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது. அதனால் சொட்டைச் சுற்றி, முடி சுருண்டிருப்பதுபோல நாலு வளையம் இழுத்தேன். குதிரைக்கு உடம்பில் அங்கங்கே சுழி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குக் கீழே ஒன்று கூடுதலாக இருந்தால் குடியா முழுகிவிடும்? (முழுகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.)

கண்ணாடி போடாமல் சட்டம் மட்டும் அடித்து, வெற்றிலைத் தட்டு ஏந்திய என் அம்மாவோடு படத்தைக் கொண்டுபோனேன். முனுசாமி கையில் வாங்கிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"கண்ணாண்ட இன்னா கீது?"

"சுழிங்க. அழகுக்கு."

"அழகுக்கா! அது அழுவுற சுழிய்யா! அந்தக் குதிர பூந்த வூட்ல பொம்பளைங்க கண்ணீரு நிக்காது. சும்மா குட்தாகூட எவனும் வாங்க மாட்டான். இத்தப் போயி என் கூடத்துல மாட்டச் சொல்றியா?"

சொல்லிவிட்டு லாயத்துக்கு ஓடினார், நிஜ ராணியின் முகத்தைத் தடவிப் பார்க்க. அந்த இடைவெளியில் நான் விரலில் எச்சில் தொட்டுச் சுழியைத் தேய்த்தேன். சுழி அப்படியே இருந்தது. சுற்றியிருந்த பழுப்பு வர்ணம் கரைந்து கன்னத்தில் வழிந்தது. இப்போது குதிரை நிஜமாகவே அழுதுகொண்டிருந்தது.

திரும்பி வந்த முனுசாமி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குதிரைக்குச் சுழி பாத்து வாங்குறவன், மாப்ளைக்குப் பாக்காம வுட்டுட்டேனே. குனி!"

குனிந்தேன். சிறு வயதிலிருந்து எண்ணெய் வைத்துப் படிய வாரி நான் மறைத்த ரகசியத்தை இரண்டு விரலால் பிரித்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"ரெட்ட சுழி! ரெண்டு பொண்டாட்டி கட்றவன்டா சாமி!"

என் அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் கதவோரத்திலிருந்து தனம் பேசினாள். "நைனா, ரெட்ட சுழிக்காரன மொதல்ல வாழ மரத்துக்குத் தாலி கட்டச் சொல்வாங்க இல்ல? மரம் இன்னாத்துக்கு? இந்தப் படத்துக்குக் கட்டட்டும். ராணி மூத்தவ, நான் எளையவ."

"அந்த அழுவுற சுழி?"

"அழுதா மூத்தவ அழுவட்டும். எனக்கு இன்னா வந்துச்சு?"

முனுசாமி சிரித்த சிரிப்பில் என் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆக, முதல் முகூர்த்தத்தில் ஒரு சட்டத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினேன். இரண்டாவது முகூர்த்தத்தில் தனத்துக்கு. படம் தண்டையார்பேட்டையில் எங்கள் கூடத்தில்தான் தொங்குகிறது. நான் குரலை உயர்த்தினால், "அக்கா, கேட்டியா?" என்று தனம் சுவரிடம் முறையிடுவாள். கண்ணீர் விடும் வேலையை மூத்தவளிடம் விட்டுவிட்டாள் போலிருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமைதான்.

எங்கள் பெரிய மகனுக்கு முகம் கொஞ்சம் நீளம். அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் யார் ஜாடை?" என்று கேட்டார்கள். "பெரியம்மா ஜாடை" என்றாள் தனம், கண் இமைக்காமல். மறுவாரமே அவர்கள் பெரியம்மாவைப் பார்க்கப் பூவும் பழமுமாக வந்து நின்றார்கள். எப்படியோ அந்தக் கல்யாணமும் நடந்து, அவன் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இன்றைக்கும் அவன் தொண்டையைச் செருமினால் போதும், "பெரியம்மா கனைக்கிறா" என்று வீடே சிரிக்கிறது.