அங்கெல்லாம் சார் வீடு மாறினார்

உடம்பு ஓரிடத்திலும் உள்ளம் இன்னோரிடத்திலுமாக வாழும் ஜீவன்கள் உலகத்தில் பலவகை. காதலர்களை விட்டுவிடுவோம், கல்யாணம் ஆனால் அவர்களுக்குத் தெளிந்துவிடும். நான் சொல்ல வந்தது பக்கத்து மாநிலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் இனத்தை. இதற்கு இன்றுவரை மருந்து கண்டுபிடிக்கவில்லை.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். பஸ் பத்து நிமிஷம் தாமதமாக வரட்டும், குழாயில் தண்ணீர் நிற்கட்டும், கல் தடுக்கி அவரே விழட்டும், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு முதல் வார்த்தையாக "அங்கெல்லாம்..." என்று ஆரம்பிப்பார். அங்கெல்லாம் ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும். அங்கெல்லாம் அதிகாரி எழுந்து நின்று பேசுவான். மழைகூட அங்கெல்லாம் அளவாகத்தான் பெய்யும்.

எங்கள் தெருவில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் மறந்து வெகுகாலமாகிறது. எங்களுக்கு அவர் 'அங்கெல்லாம் சார்'.

எங்கள் ஊர் ஆற்றோடு முடிகிறது. பாலத்தைத் தாண்டினால் அடுத்த மாநிலம். இரண்டு அரசாங்கங்களுக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாது. எங்கள் அரசாங்கம் எதைத் தொட்டாலும் வரி போடும். அந்த வரியை வைத்து பஸ்ஸைக் காசில்லாமல் ஓட்டும், பள்ளிக்கூடம் நடத்தும், ஆஸ்பத்திரியில் சும்மா மருந்து கொடுக்கும். ஆனால் கடைக்கு ஒரு பலகை மாட்ட வேண்டுமென்றால் ஏழு கையெழுத்து. அந்தப் பக்கத்து அரசாங்கம் வரியைக் குறைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்ட அரசாங்கம். சுருக்கமாகச் சொன்னால், "எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வரிசையில் நில்" என்கிறது ஒன்று. "வரிசையே வேண்டாம், நீயே பார்த்துக்கொள்" என்கிறது மற்றொன்று.

அங்கெல்லாம் சாரின் மனைவி எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். "நான் கட்டுற வரியெல்லாம் எங்கதான் போகுதோ!" என்று இவர் புலம்பும்போதெல்லாம், "எனக்குச் சம்பளமா வருதுங்க. நீங்க சாப்பிடற சோறு அதுலதான் வேகுது" என்பாள். ஆனால் இந்த இனத்துக்குத் தூரத்துச் சத்தம்தான் காதில் விழும்.

அந்தப் பக்கம் இருந்தவர் அவளுடைய அண்ணன். லேத் பட்டறை வைத்திருந்தார். அவருக்கும் இதே வியாதிதான், திசை மட்டும் வேறு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாலம் தாண்டி வந்துவிடுவார். சாப்பிட்டு முடித்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து யுத்தத்தை ஆரம்பிப்பார்கள்.

"மாப்பிள்ளை, உங்களுக்கென்ன, ராஜ வாழ்க்கை. புள்ளைங்க படிப்பு இலவசம், பஸ் இலவசம். அங்க வாசல்ல குப்பை எடுக்கக்கூட சந்தா கட்டணும்."

"கட்டினா எடுக்கறானா இல்லையா மச்சான்? இங்க இலவசமா எடுக்காம விடறான்!"

எங்கள் ஊர்தான் உசத்தி என்று அடித்துக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உன் ஊர்தான் உசத்தி என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்ததைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். விலக்கியும் விட்டேன்.

விஷயம் முற்றியது ஒரு கோப்பினால். கடைக்குப் பின்னால் கண் பரிசோதனை அறை கட்ட அங்கெல்லாம் சார் அனுமதி கேட்டிருந்தார். எட்டு மாதம் நடந்தார். எட்டாம் மாதம் குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே, "நாலாம் பக்கத்துல கையெழுத்து விட்டுப்போச்சே சார். முதல்லேர்ந்து போடுங்க" என்றார். அதே வாரத்தில் மச்சானுடைய மகன் படித்த பள்ளியில் அந்த வருஷத்துக்கு மூன்றாம் முறையாகக் கட்டணத்தை ஏற்றினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போட்ட கூச்சலில் பொறுமையிழந்த தலைமை நர்ஸ், "பேசாம ரெண்டு பேரும் வீட்டை மாத்திக்குங்களேன். என் தலைவலியாவது தீரும்" என்றாள்.

அவள் கேலிக்குச் சொன்னாள். அவர்கள் திட்டமாக எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை, இங்கிருந்து ஒரு லாரி, அங்கிருந்து ஒரு லாரி. அண்டை வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு நான் அலமாரிக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாலத்தின் நடுவில் இரண்டு லாரிகளும் சந்தித்தன. மச்சான் கையை வெளியே நீட்டி, "ஜாக்கிரதை மாப்பிள்ளை!" என்றார். இவர், "நீங்களும்தான் மச்சான்!" என்றார். லாரி நகர்ந்ததும் என் பக்கம் திரும்பி, "பாவம், ஏமாறப் போறார்" என்றார். அந்த லாரியிலும் அதே வாக்கியம் சொல்லப்பட்டது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

முதல் மாதம் சொர்க்கம். கடை அனுமதி ஒரே காலையில் கிடைத்ததாம். அதிகாரி டீ வேறு வாங்கிக் கொடுத்தாராம். "டீ சார், டீ!" என்று போனில் என்னிடம் நாலு தடவை சொன்னார்.

இரண்டாம் மாதம், அதே தெருவில் இன்னும் மூன்று கண்ணாடிக் கடைகள் முளைத்தன. அவர்களுக்கும் ஒரே காலையில்தான் அனுமதி. அவர்களுக்கும் டீ. நாலு கடைக்காரர்களும் வாசலில் நின்று தெருவில் போகிறவர்களின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பார்வை நன்றாகவே இருந்தது.

தலைமை நர்ஸ் தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வந்தாள். எங்கள் பக்கத்து இலவச பஸ் பாலத்தின் பாதியில் நின்றுவிடும். மீதிப் பாலம் நடை. "எனக்கு மட்டும் ரெண்டு அரசாங்கமும் சேர்ந்து உடற்பயிற்சி குடுக்குது" என்பாள். கோபத்தைச் சிரிப்பாக்கத் தெரிந்தவள். ஆனால் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்திருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

நாலாம் மாதம் ஒரு மத்தியானம், கடையில் உட்கார்ந்திருந்த அங்கெல்லாம் சாருக்கு விலாவில் கத்தி சொருகியது போல ஒரு வலி. சுருண்டுவிட்டார். எதிரிலேயே பளபளவென்று ஒரு ஆஸ்பத்திரி. இதைக் காட்டித்தான் இத்தனை வருஷம் எங்களை அவமானப்படுத்தியிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். வரிசையே இல்லை. குளுகுளுவென்று காற்று. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் புன்னகை மாறாமல் கேட்டாள்:

"எந்தத் திட்டத்துல இருக்கீங்க சார்? வெள்ளியா, தங்கமா?"

"வலியில இருக்கேம்மா."

"அப்படி ஒரு திட்டம் எங்ககிட்ட இல்லையே சார்."

அவர் மனைவிக்குப் போன் செய்தார். "ஆட்டோ பிடிச்சு இங்க வந்துடுங்க. வாசல்ல நிக்கிறேன். பேசாதீங்க, மூச்சை மட்டும் விடுங்க" என்றாள் அவள். சொன்னபடியே சக்கர நாற்காலியோடு வாசலில் நின்றாள். முப்பது வருஷம் எத்தனையோ பேரை அப்படித் தள்ளிக்கொண்டு போனவள்தான்; அன்றைக்கு நாற்காலியைக் கதவில் இடித்துக்கொண்டு ஓடியதை வாசல் காவலாளி பார்த்திருக்கிறார். மாநிலம் மாறியிருந்தாலும் ஊழியர் குடும்பம் என்பதால் பழைய இலவச மருத்துவ அட்டை செல்லுபடியானது. ஆனால் கட்டில் காலியில்லை. நடைபாதையில் ஒரு கட்டிலைப் போட்டார்கள். சிறுநீரகத்தில் கல். "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா சிறுநீரகமே போயிருக்கும்" என்றார் டாக்டர். மறுநாளே அறுவை சிகிச்சை செய்து கல்லை எடுத்தார்கள்.

கண் விழித்ததும் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா படுத்திருந்தார். அன்று முழுப்பகலும் அவர் எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இருமினார், ஒன்றும் சொல்லவில்லை. மின்விசிறி நின்றது, ஒன்றும் சொல்லவில்லை. மனைவி பயந்தே போனாள். ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் மச்சான் பார்க்க வந்தார். இங்கே வந்த நாளிலிருந்து பட்டறைக்கு மின்சார இணைப்புக் கேட்டு அலைந்து மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, இப்படி நடைபாதையில போட்டு வச்சிருக்காங்க? அங்கெல்லாம் தனி ரூம். இணைப்பு கேட்டா ஒரே நாள்ல குடுப்பான்!"

படுத்திருந்தவர் மெல்லத் தலையைத் தூக்கினார். முகத்தில் பழைய களை வந்தது.

"அங்கெல்லாம் வலிக்கே வெள்ளி, தங்கம் கேக்கறான் மச்சான்! இங்கெல்லாம் கேட்டானா?"

"கேக்க மாட்டான். முதல்லேர்ந்து போடுங்கம்பான்!"

தையல் பிரியும் அளவுக்குச் சத்தம். இந்த முறை அவரவர் விட்டுவந்த மாநிலத்துக்காக. தலைமை நர்ஸ் வந்தாள். அண்ணனைக் கதவுப் பக்கம் காட்டினாள். கணவருக்கு ஊசியைக் காட்டினாள். திரும்பி நின்று நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள். நோயாளி பிழைத்துவிட்டார்!

இப்போது இரண்டு குடும்பமும் பழையபடி அவரவர் வீட்டுக்கே வந்துவிட்டன. தலைமை நர்ஸ் தீர்ப்பு சொன்னாள், யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. ஆனால் கண்ணாடிக் கடை அந்தப் பக்கமே இருக்கிறது. மூன்று கடைகளில் இரண்டு மூடிவிட்டதால் வியாபாரம் பரவாயில்லை. மச்சானுடைய மகன் இந்தப் பக்கத்துப் பள்ளியிலேயே படிக்கிறான். ஆகவே தினமும் காலையில் பாலம் தாண்டும்போது அங்கெல்லாம் சார் அந்தப் பக்கத்தைப் புகழ்கிறார். மாலையில் திரும்பும்போது இந்தப் பக்கத்தை. இவ்வளவு சந்தோஷமாக அவரை நாங்கள் பார்த்ததே இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டே வரும்போது, "பக்கத்து வீட்டில் வாங்குகிறார்களே ஒரு பத்திரிகை, அதில் வரும் கட்டுரையெல்லாம் இதைவிட எவ்வளவோ தேவலை" என்று ஒரு நினைப்பு உங்களுக்குள் லேசாக எட்டிப் பார்த்ததா, இல்லையா?