நகுல் காருக்கு மச்சான் அனுப்பிய லாரி அச்சு

செம்பூர், மும்பை.

மதிப்பிற்குரிய மச்சான் ஆறுமுகநயினார் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய பிச்சையா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் உடம்பு, உங்கள் வீட்டு அக்காவின் முழங்கால், கடையநல்லூர் ஷெட்டில் நிற்கும் லாரிகள் ஆகிய அனைத்தும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே கனகவள்ளி நலம். நான் நலமில்லை, காரணம் நீங்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவருக்குக் கேட்கிற வேலை மட்டும்தான் மிஞ்சுகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதால் தபாலை நம்பினேன்.

என் மகனும் உங்கள் மருமகனுமான நகுல் பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினைக் கிண்டிக் கிண்டி ஐந்நூறு குதிரைச் சக்திக்குக் கொண்டுவந்த கதை உங்களுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுபாதையில் நடக்கிற கால் மைல் பந்தயத்தில் ஒரே ஒரு முறை ஒழுங்காக ஓட்டிவிட்டால் போதும், காரை விற்றுவிட்டு, தேவ்நார் பெண் விஜயராணியைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்ததும் தெரியும். அதுவரை அவள் போட்டோவைக்கூடப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டான். ஆக, முப்பத்திரண்டு வயதுப் பையனின் கல்யாணம் ஒரு காரின் பின்பக்கத்தில் மாட்டிக்கொண்டது. எஞ்சினுக்குப் பலம் ஏறியதே தவிர, அந்தப் பலத்தை வாங்கிப் பின்சக்கரம் இரண்டுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிற டிஃபரென்ஷியல் பழைய ஆள்தான். சோதனை ஓட்டத்தில் கிளட்சை விட்டதும் அதன் பற்சக்கரம் பல் பல்லாக உதிர்ந்தது. அதே ரகத்தில் இன்னொன்றை மாட்டினார்கள். அது உதிரவில்லை, நேராகப் பிளந்தது.

தாராவியில் பாத்திரக் கடை வைத்திருப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மருமகள் வர வேண்டுமே என்ற கவலையில் நானே உட்கார்ந்து படித்தேன். பல்லை மட்டும் கெட்டிப்படுத்திப் பழைய கூட்டுக்குள்ளேயே போடலாம். அல்லது அதே கம்பெனியின் கனமான காரிலிருந்து பெரிய பற்சக்கரமும் தடித்த அச்சும் கொண்ட டிஃபரென்ஷியலை எடுத்துப் போடலாம். ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்குப் பலத்தை அனுப்புகிற வகை அது. முக்கியமாக, எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் என்ற கணக்கு வேகமாக ஓடுகிற வண்டிக்கு வேறு, பாரம் இழுக்கிற வண்டிக்கு வேறு; பாரவண்டிக் கணக்கில் பலம் கிடைக்கும், வேகம் ஏறாது. இதை நான் புரிந்துகொண்டேன், நகுல் புரிந்துகொண்டான், குர்லாவில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் நம் கடையநல்லூர் முகம்மது ஹனீபுக்கு முன்பே தெரியும். மூவரும் ஒரே மனதாக இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துப் பேசியும் வைத்துவிட்டோம். என் ஆயுளில் என் வீட்டில் ஒருமனதாக எடுக்கப்பட்ட ஒரே முடிவு அது. அன்று சாயங்காலமே உங்கள் தங்கை உங்களுக்குப் போன் போட்டு, என் கையில் கொடுத்தாள்.

"மாப்ள, ஜப்பான்காரன் கிரவுன் பல்லுச்சக்கரம் எல்லாம் அப்பளம்வே!" என்றீர்கள். "நம்ம சின்ன லாரி செங்கல்ல ஏத்திக்கிட்டு ஆரியங்காவு மலை ஏறுது. இன்னைக்கு வர ஒரு பல்லு போவல. அதோட டிஃபரென்ஷியல அச்சோட அனுப்புதேன், மாட்டச் சொல்லும்."

நான் அந்தச் சுற்றுக் கணக்கை, ரேஷியோவை, எடுத்துச் சொன்னேன்.

"ரேஷியோவாவது பூஷியோவாவது! ஒடையக் கூடாதுன்னுதான கேட்டீரு? இது ஒடையாதுவே."

மச்சான், நீங்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் என்னை எரிக்கிறது. உங்கள் லாரியிலேயே, தென்னை ஓலை சுற்றி, சந்தனமும் குங்குமமும் வைத்து, அந்த இரும்பு குர்லா வந்து இறங்கியது. பேசி வைத்த டிஃபரென்ஷியலை இதற்குள் வேறு யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பந்தயத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. "பப்பா, யே கார் ஹை, ட்ராக்டர் நஹீ! இது கார், ட்ராக்டர் இல்லன்னு மாமாட்ட யாராவது சொல்லுங்களேன்!" என்று நகுல் கத்தினான். நான் ஹனீபைப் பிடித்து, எல்லாம் தெரிந்த நீ இதைத் தொடலாமா என்று கேட்டேன்.

"இது காருக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? ஆனா பெரிய அண்ணாச்சி ஷெட்லதான் நான் மொதமொதல்ல ஸ்பானர் புடிச்சேன். அவுங்க ஒரு சாமானக் குடுத்து மாட்டுன்னா மாட்டணும். இல்லாட்டி இந்தக் கை வெளங்காது."

"அப்ப என் மகன் கல்யாணம்?"

"அத அல்லா பாத்துக்குவான். பேக் ஆக்ஸில நான் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொண்டான். காரின் அடித்தகட்டை அறுத்து, அச்சைக் குறுக்கி, வெல்டிங் வைத்து மாட்டினான். பின்பக்கம் ஒரு சாண் எழும்பி நின்றது. சாஷ்டாங்கமாக விழப் போனவர் பாதியில் மனதை மாற்றிக்கொண்டது போல இருந்தது கார். அதோடு பந்தயத்துக்குப் போனோம். பச்சை விளக்கு எரிந்ததும் எஞ்சின் போட்ட கூச்சலில் சுற்றுவட்டாரத்துக் காக்கை எல்லாம் கிளம்பிவிட்டது. கடைசியாகக் காரும் கிளம்பியது. எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அதற்கு மேல் ஒரு இம்மி ஏறவில்லை. அடுத்த தடத்தில் ஓடியவன் போய்ச் சேர்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். விபத்து நடந்தால் உதவ நிறுத்தி வைத்திருந்த ஆம்புலன்ஸ் நகுலை முந்திப் போய், கண்ணாடியை இறக்கி, "காய் ஜாலா, பாவு?" என்று, என்ன ஆச்சு தம்பி என்பதை மராத்தியில் விசாரித்தது. கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை என்னால் எழுத முடியாது. ஹனீப் மட்டும் என் தோளை உலுக்கி, "பாத்தீங்களா அண்ணாச்சி, ஒரு பல்லு போவல!" என்றான்.

இப்போது நிலவரம் கேளுங்கள். "ரன் ஆகல பப்பா, நான் சொன்ன சொல்லு சொல்லுதான், ஆனா மொதல்ல ரன் ஆகணும்" என்கிறான் நகுல். பெண் வீட்டாருக்கு வேறு வரன் வந்திருக்கிறதாம். இந்த மாதம் வரைதான் பொறுப்பார்களாம். புதிதாக ஒரு நல்ல டிஃபரென்ஷியலைத் தேடிப் பிடித்துவிட்டோம். ஆனால் உங்கள் அச்சைக் கழற்ற ஹனீப் மறுக்கிறான். மாட்டச் சொன்ன வாய்தான் கழற்றவும் சொல்ல வேண்டுமாம். ஆகவே இக்கடிதம் கண்டவுடன் அவனுக்குப் போன் செய்து, "கழத்து" என்ற ஒரு சொல்லைச் சொல்லி வைத்துவிடுங்கள். இரண்டாவது சொல் வேண்டாம். உங்களிடம் அதைவிடக் கெட்டியான வேறொன்று இருக்கிறது என்ற செய்தியும் வேண்டாம். இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால், உங்கள் வீட்டு வாசலை நான் மிதிக்கப் போவதில்லை. கனகவள்ளி மிதிப்பாள், அவளை நான் தடுத்து என்றைக்கு நின்றாள்?

அக்காவுக்கு என் வணக்கம். பேரப் பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்கு, வயதில் மூத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, மரியாதை.

இப்படிக்கு,
பிச்சையா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது விஜயராணியும் அவள் அம்மாவும் வந்தார்கள். இனிக் காத்திருக்க முடியாது என்று நேரில் சொல்லிவிட்டுப் போவது மரியாதை என்று வந்திருந்தார்கள். முகம் தொங்கிப்போய்த் திரும்பியவர்களை அந்தக் காரிலேயே தேவ்நாரில் இறக்கிவிட்டு வரும்படி நகுலிடம் சொன்னேன். கூப்பிடு தூரம்தான். அம்மாவை வீட்டில் விட்டதும் அந்தப் பெண், "பின்னாடி ஏன் இவ்வளவு ஹைட்டு?" என்று கேட்டாளாம். இவன் ரேஷியோவை விளக்க ஆரம்பித்தானாம். விளக்கம் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பன்வேலையும் தாண்டிப் போயிருக்கிறது. முப்பதுக்கு மேல் போனால் எஞ்சின் கூச்சலில் ஒரு வார்த்தை கேட்காது என்று போக வர முப்பதிலேயே ஓட்டியிருக்கிறார்கள். லாரிக்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துத் திட்டினார்களாம். இருட்டிய பிறகு வீடு வந்தவன், "பப்பா, கல்யாணம் தையா, மாசியா?" என்று கேட்டான். பந்தயம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ஹனீபுக்குப் போன் செய்துவிடாதீர்கள் மச்சான், காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் அந்தக் காரில்தான். நாதஸ்வரக்காரர் முன்னால் நடப்பதற்கு ஏற்ற வேகம் இந்தப் பம்பாயில் வேறு எந்த வண்டியிலும் இல்லை.