கோப்பாய்க் கிணற்றில் ஒரு சுறா

2023 ஓகஸ்ட் 12, சனிக்கிழமை, காலை ஏழு மணி. குருநகர்க் கடலில், கரையிலிருந்து அரைக் கிலோமீற்றர் தொலைவில், கதாநாயகன் மூன்றாவது தடவையாக வாந்தி எடுத்தான்.

"கட்!" என்றான் இயக்குநர் லெனாட்.

"என்ரை அப்பா புயலுக்கை நிண்டு சுறாவோடை மூண்டு நாள் மல்லுக்கட்டினவரடா. உவன் காத்தே இல்லாத கடலிலை சத்தி எடுக்கிறான்!" என்றார் அடைக்கலநாதன்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான அவர், தன் தகப்பன் சிமியோனைப் பற்றி நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு நாவல் எழுதியிருந்தார். சிமியோன் இறந்தபோது மகனுக்கு வயது மூன்று. தாய் லூர்த்தம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த கதை அது. பழைய மாணவன் லெனாட் அதைப் படமாக்கக் கேட்டபோது ஒரே நிபந்தனைதான் விதித்தார்: அப்பாவின் மானம் போகக்கூடாது.

"கஜானன் தோட்டக்காரப் பொடியன் சேர். கோப்பாய். கடலை இப்பதான் கிட்டத்திலை பாக்கிறான்."

"பிறகேன் உவனைப் பிடிச்சனீ?"

"மீசை அவனிட்டைத்தான் கிடக்கு."

அடைக்கலநாதன் வழி சொன்னார். "வெறும் வயித்தோடை ஏத்து. என்னத்தை எடுக்கப்போறான் பாப்பம்."

அடுத்த சனிக்கிழமை கஜானன் வாந்தி எடுக்கவில்லை. மயங்கி விழுந்தான்.

இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்தார்கள். ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையில் செய்த சுறா மிதந்தது. அதன் முதுகில் ஒரு காகம் வந்து இருந்தது.

"சுறா உப்பிடியோ மிதக்கும்? உள்ளுக்கை கல்லை வையுங்கோ!" என்றார் அடைக்கலநாதன்.

வைத்தார்கள். சேற்றுக்குள் போன சுறாவைப் பிறகு ஒருவரும் காணவில்லை.

மூன்றாவது வாரம் படப்பிடிப்பு கோப்பாய்க்கு, கஜானன் வீட்டுக் கிணற்றடிக்கு மாறியது.

"கடல் கதையைக் கிணத்துக்கை எடுக்கிறியோ?"

"புத்தகம் வேறை, படம் வேறை சேர். படம் சொந்தக் காலிலை நிக்கோணும்."

"உன்ரை கதாநாயகனே நிக்கிறானில்லை!"

"கிணத்துக்கை நிப்பான் சேர். பழகின கிணறு."

"நிண்டு? கிணத்துக்கை சுறா வருமோ?"

படப்பிடிப்புப் பார்க்க வந்து எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்த லூர்த்தம்மா, கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆடு விழலாம்தானே," என்றார்.

லெனாட் துள்ளி எழுந்தான். "ஆச்சி, நீங்கள்தான் கதாசிரியர்!"

அடைக்கலநாதன் தலையில் கை வைத்தார். மிஞ்சியதையாவது காப்பாற்றப் பார்த்தார். "குட்டி வேண்டாம். பெரிய கிடாயாப் பிடி. அப்பாவுக்கு ஒரு மரியாதை வேணும்."

பெரிய கிடாய் கஜானனை இரண்டு தடவை முட்டி விழுத்தியது. லெனாட் இரண்டையும் படத்தில் சேர்த்தான். மூன்று வாந்திகளையும் சேர்த்தான்.

நவம்பரில் குருநகர்த் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் படம் திரையிடப்பட்டது. முதல் வாந்திக்கே சனம் சிரிக்கத் தொடங்கியது. கிடாய் வந்தபோது சனம் இருந்த கதிரைகள் ஆடின. கூடுதலாகச் சிரித்தவர்கள் வயதுபோன கடற்றொழிலாளர்கள். இருளில் அடைக்கலநாதன் வியர்த்துக்கொண்டிருந்தார். மின்விளக்குகள் எரிந்ததும் மேடைக்கு ஏறி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தப் படத்துக்கும் என்ரை நாவலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! உது என்ரை அப்பா இல்லை! என்ரை பேரை எடுங்கோ!"

முன்வரிசையிலிருந்து லூர்த்தம்மா எழுந்தார்.

"இறங்கி வா மேனை. கொப்பர் சிமியோனுக்குக் கடலெண்டாலே சத்தி. அவர் மல்லுக்கட்டினது கிணத்துக்கை விழுந்த ஆட்டோடைதான். சுறா, தேப்பன் இல்லாத பிள்ளை பள்ளிக்கூடத்திலை சொல்லட்டும் எண்டு நான் விட்ட கதை. குருநகரிலை உன்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

அடைக்கலநாதன் இறங்கிவந்து இருந்தார். படத்தை இன்னொரு தடவை போட்டார்கள்.